மீன்தொட்டியில் வேர்விட்ட அம்மாவின் மணி பிளான்ட்

எங்கள் வீட்டு மணி பிளான்ட்டுக்கு என்னைவிட வயது அதிகம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டு வாசலில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து, நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்து வாசலில் பால்டின்னில் ஊன்றினார். பிறகு தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயம் காலியாகி நாங்கள் டவுன் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது, லாரியில் அம்மிக்கல்லோடு அந்த டின்னும் வந்தது. இன்று எங்கள் வேலியிலும் ஜன்னல் கம்பியிலும் ஓடுவதெல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

அந்தக் கொடியில் சில துண்டுகளை எடுத்து மீன்தொட்டியில் வளர்த்த ஒன்பது மாதக் கணக்கை இங்கே எழுதுகிறேன். தைப்பூசம் முடிந்த வாரத்தில் தொடங்கினேன். இதை எழுதும்போது தீபாவளிக்கு வீடு கழுவி முடித்திருக்கிறோம்.

தொட்டி 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1¼ அடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 130 லிட்டருக்கு மேல் பிடிக்கும். கொஞ்சம் குறைத்து ஊற்றுவதால் 115 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தங்கமீன் நான்கு, கண்ணாடியை ஒட்டிக்கொண்டு திரியும் இக்கான் பண்டாராயா ஒன்று. பஞ்சு வைத்த பெட்டி ஃபில்டர் தொட்டியின் மேலே உட்கார்ந்திருக்கும். தங்கமீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கண்ணாடி ஐந்தே நாளில் பச்சை பிடித்துவிடும்.

தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் மாற்றுவதற்கு முன், மீன்கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு). 30 சதவீதம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றினால் 56க்கு இறங்கும். அடுத்த ஞாயிறு மறுபடியும் 80. அப்படியென்றால் ஒரு வாரத்தில் 24 சேர்கிறது, அதே 24ஐ நான் வாளியில் எடுத்து வெளியே ஊற்றுகிறேன். எவ்வளவு உழைத்தாலும் எண் நின்ற இடத்திலேயே நிற்பதற்கு இதுதான் காரணம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கொடியின் நினைவு வந்தது.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, ஆனால் சாதாரணத் தொட்டியில் அதற்கு அப்புறம் போக வழி கிடையாது, தேங்கிவிடும். செடிக்கோ அது உரம். தண்ணீருக்குள் வாழும் செடிகளுக்கு வேண்டிய கரியமிலவாயு தண்ணீரில் குறைவாகவே கிடைக்கும், அதனால் அவை மெல்ல வளரும். மணி பிளான்ட் இலையைக் காற்றிலும் வேரைத் தண்ணீரிலும் வைத்துக்கொள்ளும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டு வேகமாக வளர்வதால் நைட்ரேட்டையும் அந்த வேகத்தில் இழுக்கும்.

துண்டு எடுப்பதில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: கணு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும், அதுதான் காற்றுவேர். கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் பச்சையாகக் கிடக்கும், புதுக்கொடி வராது. நான் கணுவுக்கு 2 செண்டிமீட்டர் கீழே வெட்டி, துண்டுக்கு இரண்டு மூன்று கணு, மேலே இரண்டு இலை என்று 14 துண்டு எடுத்தேன். வெட்டின இடத்தில் வடியும் சாறு கையில் பட்டால் அரிக்கும். சேப்பங்கிழங்கும் கருணையும் அரிப்பதற்கு என்ன காரணமோ அதேதான் இதற்கும்; எல்லாம் ஒரே குடும்பம், தண்டிலும் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன. அம்மா கத்தியைக் கழுவும்போதே, "கெலாடி மாதிரிதான் தம்பி, கண்ணைக் கசக்கிடாதே" என்றார். சேம்புக்கு மலாய்ப் பெயர் கெலாடி. பூனை, நாய், தவழும் குழந்தை உள்ள வீட்டில் இலை வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வெட்டிய துண்டுகளைக் கழுவி, அரைநாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு தண்ணீரில் வைத்தேன்.

அதில் ஐந்தை அன்றைக்கே தொட்டிக்குள் இறக்கினேன், இலை முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்படி. நீர்ச்செடி வைப்பதுபோல் மணலில் நட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்தது தவறு. பத்தே நாளில் இலைகள் கண்ணாடிபோல் ஊறி, ஓரம் கறுத்து, தொட்டால் குழைந்தன. அம்மோனியா 0.5 காட்டியது, தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றினேன். இந்தக் கொடியின் இலை காற்றுக்காக அமைந்தது. கணுவும் வேரும் மட்டும் நனையட்டும், இலை எப்போதும் வெளியே இருக்கட்டும். யாராவது இதைத் தண்ணீருக்குள் வளரும் செடி என்று விற்றால் வாங்காதீர்கள்.

மீதி ஒன்பதை ஹார்லிக்ஸ் போத்தல்களில் வேர்விட வைத்தேன். எட்டாம் நாள் முடிச்சிலிருந்து வெள்ளை நுனி எட்டிப்பார்த்தது, பன்னிரண்டாம் நாள் 3 செண்டிமீட்டர். நம் வெயிலுக்கு இது சாதாரண வேகம்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி ஊற்றினேன். இதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தாமானில் டிங்கி வந்தால் சுகாதார அதிகாரிகள் வீடுவீடாக வந்து பூச்சாடியையும் போத்தலையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப்புழு கிடைத்த வீட்டுக்கு அபராதம் உண்டு. அதைவிடப் பெரிது, எங்கள் வரிசையில் டிங்கியால் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் செடி வளர்க்கிறவர் இந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மீன்தொட்டியில் இந்தக் கவலை இல்லை, புழுவை மீன் விட்டுவைக்காது.

அடுத்தது தாங்கி. இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கடையில் விற்கும், உறிஞ்சியால் கண்ணாடியில் ஒட்டும் சோப்புக் கூடை மூன்று வாங்கினேன். ஈரத்தில் அந்த உறிஞ்சி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை, ராத்திரியில் விழுந்து கிடக்கும். பிறகு அரை அங்குல பிவிசி குழாயை 4 செண்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டேன். அந்தக் கீறல் தொட்டிக் கண்ணாடியின் விளிம்பில் கொக்கிபோல் இறுக்கமாகக் கவ்விக்கொள்கிறது. கூடையை அதில் கேபிள் டையால் கட்டினேன். செம்புக் கம்பி மட்டும் வேண்டாம், செம்பு தண்ணீரில் கரைந்தால் மீனுக்குக் கேடு. கூடைக்குள் கழுவின கூழாங்கல் நாலைந்து போட்டுத் தண்டை நிறுத்தினேன்.

ஆனால் வேர் கூடையைத் தாண்டி இறங்கிய மறுநாளே தங்கமீன்கள் கொறிக்க ஆரம்பித்தன. மிச்சத்தை ராத்திரியில் பண்டாராயா சுரண்டியது. மூன்று வாரம் கொடி வளரவே இல்லை. மீன்கடைத் தவுக்கேயிடம் சொன்னேன். வேரை மீனிடமிருந்து மறைத்துவிடு, இல்லாவிட்டால் ஃபில்டர் பெட்டிக்குள் வைத்துவிடு, இரண்டில் ஒன்றைச் செய் என்றார். நான் இரண்டையும் செய்தேன். ஐஸ்கிரீம் டப்பாவில் சூடான கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டு ஐந்து கொடியை அதில் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். நான்கை மேலே ஃபில்டர் பெட்டியில், பஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

ஃபில்டர் பெட்டியில் இருந்த நான்கும் வளர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மீன்கழிவு கலந்த தண்ணீர் இருபத்து நான்கு மணிநேரமும் வேரைக் கழுவிக்கொண்டு ஓடுகிறது, காற்றும் கிடைக்கிறது. ஆறு நாளுக்கு ஒரு இலை வந்தது. தமிழ்ப் புத்தாண்டு முடிந்து சில வாரத்தில் நைட்ரேட் 40க்கு இறங்கியது. வாரத்துக்கு 24 சேர்ந்துகொண்டிருந்தது 12 ஆகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி கொடிக்குப் போகிறது என்று நம்பினேன். பெட்டியில் வந்த கலர் அட்டையைக் கண்ணால் ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு இது, ஒரு கட்டம் முன்பின்னாக இருக்கலாம். நைட்ரேட் சோதனையில் இரண்டாம் குப்பியை நன்றாகக் குலுக்காமல் சொட்டுவிட்டால் அடியில் மருந்து தங்கிவிடும், எண் குறைவாகக் காட்டும். நான் அரை நிமிடம் குலுக்கி, சொட்டு விட்ட பிறகு குழலையும் ஒரு நிமிடம் குலுக்குகிறேன்.

அப்புறம் அந்த இரவு.

அம்மாவுக்கு இன்றும் அதிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். விடியுமுன் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடின உடம்பு அது, வேலையை விட்டு எத்தனை வருடம் ஆனாலும் மாறவில்லை. எழுந்து ஹாலுக்கு வந்தவர் காலை வைத்தது தண்ணீரில். விளக்கு எரியவில்லை. "தம்பி, கால் வைக்காதே, தண்ணி!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன். ஃபில்டர் பெட்டியிலிருந்து தண்ணீர் தொட்டிக்கு இறங்கும் குழாயை வேர் அடைத்துவிட்டது. பம்பு ஏற்றிக்கொண்டே இருக்க, பெட்டி நிரம்பி, பின்புறச் சுவரோரமாக வழிந்து, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. மின்கசிவுக்கு விழும் சுவிட்ச் சரியாக விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சுவிட்ச் வேலை செய்யாமல் இருந்திருந்தால் அம்மா வெறுங்காலோடு மின்சாரம் பாய்ந்த தண்ணீரில் நின்றிருப்பார். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

விடிந்ததும் அடைப்பை இழுத்தேன். குழாயின் உட்புறத்தை அச்சாக வார்த்ததுபோல், ஒரு சாண் நீளத்துக்கு வேர் வந்தது. அந்த நான்கு கொடியையும் ஃபில்டரை விட்டு வெளியே எடுத்து, தொட்டிக்குள் தொங்கும் இரண்டாவது ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றினேன். ஃபில்டர் பெட்டியில்தான் வைப்பேன் என்பவர்கள், வேருக்கும் வெளியேறும் குழாய்க்கும் நடுவே தடித்த ஸ்பாஞ்சு ஒன்றைச் செருகி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். வேரை வெட்டலாம், இந்தக் கொடி அதற்கு அஞ்சாது. ஆனால் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். நான் வெட்டின இடத்தில் பத்து நாளில் புதுவேர் முளைத்துவிட்டது. எக்ஸ்டென்ஷனைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் தொட்டியைவிட உயரத்தில் அடித்தேன். பம்பு ஒயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல், ஒரு முறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறுகிறது. ஒயரில் தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். எலெக்ட்ரீஷியன் வைத்து மின்கசிவு சுவிட்சையும் சோதித்தேன். அதிலேயே சோதிக்கும் பொத்தான் இருக்கிறது, இப்போது மாதம் ஒருமுறை நானே அழுத்திப் பார்க்கிறேன். மீன்தொட்டி வைத்திருக்கும் எல்லாரும் இதைச் செய்யுங்கள், செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஒன்றிரண்டு மாதத்தில் வேறொரு தவறு. நைட்ரேட் எண் 30 பக்கம் வந்துவிட்டதே என்று தண்ணீர் மாற்றுவதை ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். கொடியின் புது இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக வந்தன, இரும்புச்சத்துக் குறை. தண்ணீரின் பிஎச் 7.2இலிருந்து 6.4க்கு இறங்கியிருந்தது, அதாவது தண்ணீர் புளித்திருந்தது. அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா, பிஎச்சை இறங்காமல் தாங்கும் தண்ணீரிலுள்ள கார்பனேட்டையும் கரைத்துத் தீர்க்கும், புதுத்தண்ணீர் வந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். கொடி நைட்ரேட்டை எடுக்கும், கார்பனேட்டைத் திருப்பித் தராது. ஒரேயடியாக மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சியாகும் என்பதால் நாலு நாள் பத்துப் பத்து சதவீதமாக, ஆன்டி குளோரின் போட்ட தண்ணீரை ஊற்றிச் சரிசெய்தேன். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 30 சதவீதம். தீனியையும் இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளை ஆக்கினேன். இன்றைக்கு நைட்ரேட் 20க்கும் 40க்கும் நடுவே நிற்கிறது. இதில் கொடிக்கு எவ்வளவு, குறைத்த தீனிக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கொடி உறிஞ்சியது கொடிக்குள்ளேதான் இருக்கிறது. பழுத்த இலை தொட்டிக்குள் விழுந்து அழுகினால் எல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும். கத்தரித்து வெளியே எடுத்துப் போட்டால்தான் கழிவு உண்மையில் வீட்டைவிட்டுப் போகிறது. நான் மாதம் ஒருமுறை ஒரு கை நிறைய வெட்டுகிறேன். சில துண்டு அக்கம்பக்கத்துக்கு, மற்றது கறிவேப்பிலை மரத்தடிக்கு.

காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்று பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக இரண்டு துண்டு கேட்டார், கொடுத்தேன். அந்தப் பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அங்கே செடிகளை மூடிய சிறிய கூண்டுக்குள் வைத்துச் சோதித்தார்கள். சாதாரணக் கட்டடங்களில் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடாகத் தரையின் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்று 2019இல் வந்த மறுஆய்வு கணக்குப் போட்டது. அக்காவிடம் இதையும் சொல்லித்தான் கொடுத்தேன். பச்சையாகக் கண்ணுக்கு நிறைவாக இருந்தால் போதும் தம்பி என்றார், அது நல்ல காரணம்தான்.

தொட்டி கிழக்கு ஜன்னலுக்கு ஆறு அடி தள்ளி இருக்கிறது. மதிய வெயில் நேராக விழுந்தால் இலை கருகும், தொட்டியிலும் பாசி ஏறும். வெளிச்சம் ரொம்பக் குறைந்தால் இலையிலுள்ள மஞ்சள் வரி மங்கி வெறும் பச்சையாகும். அந்த மஞ்சள்தான் அம்மாவுக்குப் பிடிக்கும். மலாயில் இதைச் சிரே காடிங் என்பார்கள், தந்த வெற்றிலை. யானைத் தந்தத்தின் நிறம் அது. தாவரவியலில் 1880இல் போத்தாஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள், இப்போது எப்பிப்ரெம்னம் ஆரியம். சொந்த ஊர் பசிபிக் கடலில் டஹீட்டிக்குப் பக்கத்து மோரேயா தீவு. இவ்வளவு வருடத்தில் இது பூத்து ஒருநாளும் பார்த்ததில்லை என்று அம்மா சொல்வார். 2016இல் வந்த ஓர் ஆய்வு அதற்கு விடை சொன்னது: பூக்கத் தேவையான கிப்பரெலின் என்னும் ஹார்மோனை இந்தக் கொடியால் செய்ய முடிவதில்லை. அந்த மருந்தைத் தெளித்தபோது ஆய்வகத்தில் பூத்தது. மனிதர் கை வைத்து ஒடித்து ஒடித்து நட்டதால்தான் உலகம் முழுக்கப் போயிருக்கிறது, விதையால் அல்ல. அம்மா கிராணி வீட்டில் கேட்டு வாங்கிய அந்த ஒரு துண்டும் அப்படிப் போனதில் ஒன்றுதான்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது அம்மாவின் யோசனை. தோட்டத்துப் பெரிய பங்களா வாசலில் மழைமரம் ஒன்று நின்றது. அதில் ஏறிய கொடியின் இலை ஒவ்வொன்றும் முறம் போல் இருக்கும், ஓரம் கிழிந்து தொங்கும் என்று அம்மா சொல்வார். அது வேறு கொடி என்று நான் நினைத்திருந்தேன். வேறு இல்லை, இதேதான். தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். பிடித்து ஏற மரம் கிடைத்தால் காற்றுவேர் பதிந்து இலை பெருக்கும். வைகாசியில் தொட்டிக்குப் பின்னால் சுவரில் தேங்காய்நார் சுற்றிய பலகை ஒன்றை நிறுத்தினோம். கீழே வேர் மீன்தண்ணீரில் இருக்க, மேலே இரண்டு கொடியை நாரோடு சேர்த்துப் பழைய பருத்திச் சேலைக் கிழிசலால் கட்டிவிட்டார் அம்மா. நாரை அவர் தினம் காலையில் நனைப்பார், நாலு மணிக்கு எழுந்தால் முதல் வேலை அதுதான். ஒன்றரை மாதத்தில் காற்றுவேர் நாருக்குள் இறங்கிவிட்டது, கட்டை அவிழ்த்துவிட்டோம்.

நேற்று டேப் வைத்து அளந்தேன். தொங்கும் கொடியில் பெரிய இலை 9 செண்டிமீட்டர். பலகையில் ஏறியதில் புதிதாக விரிந்த இலை 19. அம்மா இரண்டு கையையும் அகல விரித்து, மழைமரத்து இலை இவ்வளவு இருக்கும் என்று காட்டினார். பலகை நாலு அடிதான், அதன் உச்சிக்கு இன்னும் ஒன்றரை அடி இருக்கிறது.